பாட்டுக்குள் இடம் பார்த்து வாசிப்பது: செஷன் கிட்டாரிஸ்ட் ஆக விரும்புவோருக்கு

வேறொருவர் எழுதிய பாட்டு, வேறொருவர் பாடிய குரல். அதற்கு வேண்டிய கிட்டாரைக் குறித்த நேரத்துக்குள் வாசித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் செஷன் கிட்டாரிஸ்டின் வேலை. 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸில் டாமி டெடெஸ்கோ, க்ளென் கேம்ப்பெல் போன்றவர்கள் ஒரே நாளில் பல ஸ்டூடியோக்களுக்குப் போய் வாசித்தார்கள். 1968-ல் லெட் செப்பலின் தொடங்குவதற்கு முன்பு ஜிம்மி பேஜும் லண்டனில் இதே தொழிலில்தான் இருந்தார். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் கணக்கில் ஒரு செஷன் என்றால் அடிப்படையில் 3 மணி நேரம். இன்று பாதி வேலை வீட்டிலிருந்தே கோப்பாகப் போய்ச் சேருகிறது. ஆனால் எதிர்பார்ப்பு மாறவில்லை: தாளம் நிற்க வேண்டும், சுருதி சேர வேண்டும், குரலுக்குக் குறுக்கே போகக் கூடாது.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் வேகத்தையும் சோலோவையும் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். பாப் பாட்டில் அந்த இரண்டுக்கும் வேலை மிகக் குறைவு. நான்கு நிமிடம் ஒரே ஸ்ட்ரம்மை (தந்திகளை ஒருசேர அடிப்பதை) அலுக்காமல், அலையாமல் வாசிப்பவருக்குத்தான் அடுத்த அழைப்பு வரும். அதனால் இந்தக் கட்டுரையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதல் வேலை: காலப்பிரமாணம்

மெட்ரோனோமை 70-ல் (நிமிடத்துக்கு 70 அடி) வைத்து ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) 16-ஆம் பாக ஸ்ட்ரம்மாக, அதாவது அடிக்கு நான்காக, நான்கு நிமிடம் பதிவு செய்யுங்கள். கூட டிரம்ஸ் வேண்டாம், கிளிக் மட்டும் போதும். பிறகு திரையில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு அடியும் கிளிக்குக்கு எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே விழுகிறது என்று பாருங்கள். எல்லா அடியும் ஒரே அளவாக 15 மில்லிநொடி பின்னால் விழுந்தால் அது ஒரு நடை. பாட்டுக்கு நிதானம் கொடுக்கும். ஓர் அடி 10 முன்னால், அடுத்தது 25 பின்னால் என்று விழுந்தால் அதைத்தான் திருத்த வேண்டும். வேகமான பாட்டைவிட 65-லிருந்து 75 வரையுள்ள மெதுவான பாட்டில்தான் கை அதிகம் தடுமாறும். அடிகளுக்கு நடுவே இடம் கூடுவதால், மனம் அவசரப்பட்டு அடுத்த அடியை முன்னால் இழுத்துவிடும்.

அடுத்த படியாகக் கிளிக்கை 2-ஆம், 4-ஆம் அடிகளில் மட்டும் வையுங்கள். பிறகு ஒரு பாருக்கு (நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று) ஒரு தடவை, அதன்பின் இரண்டு பாருக்கு ஒரு தடவை என்று குறையுங்கள். வலது கை எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கட்டும். தந்தியைத் தொடாத நேரத்திலும் கை மேலும் கீழும் போய்வந்தால்தான் விட்ட இடத்தில் தாளம் தொலையாது. பதிவு செய்ததை அன்றே கேட்பதைவிட மறுநாள் கேட்பது நல்லது. வாசித்த கையின் ஞாபகம் அடங்கிய பிறகே காது உண்மையைச் சொல்லும்.

சுருதி

செஷனுக்கு முந்தைய நாள் தந்தி மாற்றுங்கள். அன்று காலையில் மாற்றினால் இழுபட்டுக்கொண்டே இருக்கும். மாற்றியதும் ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். சுருதி இறங்காமல் நிற்கும்வரை நாலைந்து முறை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முடுக்காணியில் இருக்கும் சிறு தளர்வு இரண்டு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

12-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டும் ஒலி) அதே இடத்தில் அழுத்திய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் பிரிட்ஜ் சேடிலை (உடல் பக்கம் தந்தி தங்கும் சிறு தாங்கி) பின்னால் தள்ள வேண்டும்; இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவர வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் சுருதி விலகினால் காரணம் பெரும்பாலும் இடது கைதான். பதற்றத்தில் தந்தியை ஓங்கி அழுத்தினால் ஸ்வரம் ஏறும். கேப்போவும் (எல்லாத் தந்தியையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) அப்படித்தான்: ஃபிரெட்டை ஒட்டி, தேவையான அழுத்தத்தோடு மட்டும் போடுங்கள், போட்ட பிறகு மறுபடி சுருதி பாருங்கள். பாட்டின் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறதா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய ஒலித்துண்டை எடுத்துக் கட்டிய பாட்டு 440-ல் உட்காராமல் இருக்கலாம். அப்போது டியூனரைத்தான் பாட்டுக்கு மாற்ற வேண்டும்.

சார்ட் படிப்பதும் எழுதுவதும்

ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரிந்தால் வேலை பெருகும். அது தெரியாமலும் பாப் செஷன் செய்யலாம். கார்டு சார்ட் (பாட்டின் கார்டுகளை வரிசையாக எழுதிய தாள்) படிக்கத் தெரியாமல் முடியாது. ரிப்பீட் குறிகள், முதல் முடிவு, இரண்டாம் முடிவு, கோடா (பாட்டின் முடிவுப் பகுதி), எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற குறி ஆகிய இவை கண்ணில் பட்டதும் கை போக வேண்டும். கிட்டாருக்கு எழுதும் ஸ்வரம், எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் கீழே ஒலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பியானோ வரியைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் இங்கேதான் குழப்பம் வரும்.

நாஷ்வில் எண்முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். 1950-களின் கடைசியில் நீல் மேத்யூஸ் என்ற பாடகர் தொடங்கியது அது. கார்டின் பெயருக்குப் பதில் ஸ்கேலில் அதன் எண்ணை எழுதுவார்கள். சி மேஜரில் 1, 5, 6 மைனர், 4 என்றால் சி, ஜி, ஏ மைனர், எஃப். பாடகருக்குக் குரல் எட்டாமல் சுருதியை ஒரு படி இறக்கினாலும் தாளை மாற்ற வேண்டியதில்லை.

சார்ட்டே தராமல் பாட்டை மட்டும் அனுப்புகிறவர்கள்தான் அதிகம். அப்போது மூன்று முறை கேளுங்கள். முதல் முறை கையில் கிட்டார் வேண்டாம். வெர்ஸ் (சரணம்) எத்தனை பார், கோரஸ் (பல்லவி) எத்தனை பார், எங்கே இரண்டு பார் கூடுதலாக வருகிறது என்று மட்டும் எழுதுங்கள். இரண்டாம் முறை பேஸ் ஸ்வரத்தைப் பிடித்துக் கார்டுகளை எழுதுங்கள். மூன்றாம் முறை, பாடகர் எங்கெல்லாம் மூச்சு விடுகிறார் என்று கேட்டு அந்த இடங்களில் ஒரு சிறு புள்ளி வையுங்கள். நீங்கள் வாசிக்க வேண்டிய இடம் அந்தப் புள்ளிகள்தான்.

பாட்டுக்குள் இடம் பார்ப்பது

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். வேகம் 96, சி மேஜர், சி–ஜி–ஏ மைனர்–எஃப் திரும்பத் திரும்ப வருகிறது. பியானோ நடுவில் முழுக் கார்டு வாசிக்கிறது, பேஸ் அடி ஸ்வரத்தைப் பிடித்திருக்கிறது. இதன்மேல் நீங்களும் ஆறு தந்தியில் திறந்த கார்டு வாசித்தால் பியானோ இருக்கும் அதே இடத்தில் மோதுவீர்கள். பேஸிடம் இருக்கும் ஸ்வரத்தை நீங்களும் கீழே வாசித்தால் பாட்டு குழம்பும். மிக்ஸில் இன்ஜினியர் உங்களைக் குறைத்துவிடுவார், அவர்மேல் தவறும் இல்லை.

மேல் மூன்று தந்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஜி, பி, மேல் ஈ. இந்த வரிசையில் சி கார்டுக்கு 5, 5, 3-ஆம் ஃபிரெட்டுகள். ஜி கார்டுக்கு 4, 3, 3. ஏ மைனருக்கு 5, 5, 5. எஃப் கார்டுக்கு 5, 6, 5. கையை எடுத்து வைக்கவே தேவையில்லை. சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது மேல் ஈ தந்தி 3-ஆம் ஃபிரெட்டிலேயே நிற்கிறது. ஏ மைனரிலிருந்து எஃப் போகும்போது பி தந்தி மட்டும் 5-லிருந்து 6-க்கு ஒரு படி ஏறுகிறது, மற்ற இரண்டும் அசைவதே இல்லை. கேட்பவருக்குக் கார்டு மாறியதாகத் தோன்றாது. குரலுக்கு மேலே ஒரு சின்ன மெட்டு நகர்வதாகத் தோன்றும். முதல் வெர்ஸில் ஒவ்வொரு கார்டையும் ஒரு தடவை அடித்து ஒலிக்க விடுங்கள். இரண்டாம் வெர்ஸில் அதையே தந்தி தந்தியாகப் பிரித்து வாசியுங்கள். கோரஸில் உள்ளங்கையை பிரிட்ஜ் மேல் லேசாக வைத்து 8-ஆம் பாக அடிகளாக மாற்றுங்கள். விரல் வைக்கும் இடம் ஒன்றுதான், ஆனால் பாட்டு படிப்படியாக வளரும்.

இதற்கு டிலே (எதிரொலி) போட்டால் அதன் நேரம் பாட்டின் வேகத்தோடு பொருந்த வேண்டும். 60,000-ஐ வேகத்தால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லிநொடியில் கிடைக்கும். 96-க்கு அது 625. புள்ளி வைத்த எட்டாம் பாகம் வேண்டுமானால் அதில் முக்கால், அதாவது 469. காதால் சுமாராகத் திருகி வைத்த டிலே முதல் நான்கு பார் நன்றாக இருக்கும். பிறகு டிரம்ஸோடு உரசத் தொடங்கும்.

ஒரே ஸ்ட்ரம்மை இரண்டு முறை வாசிப்பது

பாப் கோரஸில் அகூஸ்டிக் கிட்டார் இடதும் வலதுமாக விரிந்து கேட்கும். ஒரு பதிவை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அந்த விரிவு வராது. இரண்டும் ஒன்றேயாக இருப்பதால் ஒலி நடுவிலேயே நிற்கும், சத்தம் மட்டும் கூடும். நகலைச் சில மில்லிநொடி தள்ளி வைத்தால் விரிந்த மாதிரி இருக்கும். ஆனால் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து ஒலி உள்ளீடில்லாமல் போய்விடும். அதனால் நிஜமாகவே இரண்டாவது முறை வாசிக்க வேண்டும்.

இரண்டாவது வாசிப்பு முதலாவதைப் போலவே தாளத்தில் இருக்க வேண்டும், ஆனால் நிறத்தில் சற்று வேறுபட வேண்டும். முதலில் திறந்த சி கார்டுகளில் வாசித்திருந்தால், அடுத்து 5-ஆம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவங்களில் வாசியுங்கள். இன்னொரு வழி, கீழ் நான்கு தந்திகளை எடுத்துவிட்டு 12 தந்தி கிட்டார் செட்டில் வரும் மெல்லிய தந்திகளைப் போட்டு ஓர் ஆக்டேவ் மேலே சேர்ப்பது. இதை நாஷ்வில் டியூனிங் என்பார்கள். சாதாரண கிட்டாரோடு சேர்ந்தால் மணியடிப்பது போல் மினுங்கும். ஒரு பழைய கிட்டாரை இதற்கென்றே ஒதுக்கி வைப்பது வீண்போகாது.

மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள், குமுறும். கழுத்து உடலோடு சேரும் இடத்தை, சுமார் 12-ஆம் ஃபிரெட்டை நோக்கி 20–30 செ.மீ. தள்ளி வையுங்கள். ஸ்ட்ரம்முக்கு 0.6 மி.மீ. அளவுள்ள மெல்லிய பிக் போதும். தடித்த பிக் ஒவ்வொரு அடியையும் குத்திக் காட்டும். கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான், பெல்ட் கொக்கி, சரசரக்கும் துணி எல்லாமே பதிவாகும்.

புதியவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஹெட்ஃபோன் கசிவு. பாட்டு முழுதும் கேட்காத கிளிக், கடைசிக் கார்டு தேய்ந்து அடங்கும்போது டிக் டிக் என்று தெளிவாகக் கேட்கும். அதை அழிக்க முயன்றால் கார்டின் வாலும் சேர்ந்து போகும். மூடிய வகை ஹெட்ஃபோனைப் பயன்படுத்துங்கள். கடைசிக் கார்டுக்குப் பிறகு கிளிக்கை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு காதை விலக்கிவிட்டு வாசிக்கும் பழக்கம் இருந்தால், அந்தப் பக்கத்து ஒலியையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கருவிகள்

தொடக்கத்தில் மூன்று கிட்டார் தேவையில்லை. சிங்கிள் காயில், ஹம்பக்கர் என்ற இரு வகைப் பிக்அப்பும் (தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் பகுதி) உள்ள ஓர் எலக்ட்ரிக், ஒழுங்காகச் செட்டப் செய்த ஓர் அகூஸ்டிக், டியூனர், கேப்போ, ஓவர்டிரைவ், டிலே, வால்யூம் பெடல், இரண்டு நல்ல கேபிள் இருந்தால் முதல் வருடத்தைக் கடத்திவிடலாம். எலக்ட்ரிக்குக் 10–46 தந்தி பெரும்பாலான வேலைக்குப் பொருந்தும். கேபிள் 6 மீட்டருக்கு மேல் நீண்டால் மேல்ஒலி மங்கும். சிங்கிள் காயிலில் ரீங்காரம் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் சட்டென்று குறையும். திரை, மின்மாற்றி, டிம்மர் விளக்கு ஆகியவற்றிலிருந்து விலகுங்கள். மாற்றுத் தந்தி செட், 9 வோல்ட் பேட்டரி, நாலைந்து பிக் பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஸ்டூடியோவில்

குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சுருதி சேர்த்து உட்கார்ந்திருங்கள். சொன்ன நேரம் என்பது வாசிக்கத் தொடங்கும் நேரம், கிட்டார் பையைத் திறக்கும் நேரமல்ல. ஃபோனை அணைத்துவிடுங்கள், அமைதியில் வைத்தால் போதாது, அதன் அலை பிக்அப்பில் இரையும். முதல் டேக்கிலேயே பதிவு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு வாசியுங்கள். நடுவில் தவறினாலும் நிறுத்தாமல் முடியுங்கள், அந்த இடத்தை மட்டும் பிறகு மறுபடி பதிந்துகொள்ளலாம், அதைப் பஞ்ச் இன் என்பார்கள். பஞ்ச் இன் செய்யும்போது இரண்டு பார் முன்பிருந்தே கூட வாசித்துக்கொண்டு வாருங்கள், அப்போதுதான் அடியின் பலம் முன்பின் பொருந்தும். கடைசி ஸ்வரம் முழுதாக அடங்கும்வரை பேசாதீர்கள், நாற்காலியில் அசையாதீர்கள், தந்தியிலிருந்து கையை எடுக்காதீர்கள்.

புரொட்யூசர் ஃபிரெட் எண்ணில் பேச மாட்டார், உணர்ச்சியில் பேசுவார். அதைக் கையசைவாக மாற்றிக்கொள்வது நீங்கள் கற்க வேண்டிய மொழி. "இன்னும் எனர்ஜி" என்றால் பெரும்பாலும் சத்தம் கூட்டச் சொல்வதில்லை; அடிகளை நெருக்கமாக்கவோ மேல் ஃபிரெட்டுக்குப் போகவோ சொல்கிறார். "கொஞ்சம் நெருக்கடியா இருக்கு" என்றால் ஸ்வரங்களைப் பாதியாக்குங்கள். "சூடா வேணும்" என்றால் கழுத்துப் பக்கப் பிக்அப்புக்கு மாறி டோன் குமிழை 7-க்கு இறக்கிப் பாருங்கள். "இழுக்குது" என்றால் தாளம் பின்னால் விழுகிறது. கேட்டதை முதலில் கேட்டபடியே வாசித்துக் கொடுங்கள். அதன்பிறகு, "இன்னொரு மாதிரியும் ஒண்ணு தரட்டுமா?" என்று ஒரே ஒரு மாற்று கொடுங்கள். ஐந்து மாற்று கொடுத்தால் தேர்ந்தெடுக்கும் பாரம் அவர் தலையில் விழும்.

வீட்டிலிருந்து அனுப்பும்போது

1. பாட்டின் வேகம், சுருதி, சாம்பிள் ரேட் (ஒரு நொடி ஒலியை எத்தனை துண்டாகப் பதிகிறார்கள் என்ற எண்) மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வழிகாட்டிப் பாட்டை டபிள்யூஏவி கோப்பாகக் கேளுங்கள். எம்பி3-யில் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துவிடும். அதைப் பார்த்து வாசித்தால் அங்கே போய் எல்லாமே தள்ளி உட்காரும்.

2. உங்கள் புராஜெக்ட்டும் அதே சாம்பிள் ரேட்டில் இருக்கட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை மாற்றாமல் 48-ல் ஓடவிட்டால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும், சுருதி ஒன்றரை செமிடோன் ஏறும்.

3. பதிவு செய்யும்போது பஃபரை (கணினி ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டின் அளவை) 128 சாம்பிள் அல்லது அதற்குக் கீழே வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது ஒரு வழிக்கு சுமார் 2.7 மில்லிநொடி. தாமதம் கூடினால் கை தன்னையறியாமல் முந்தத் தொடங்கும்.

4. 24 பிட்டில், உச்சம் –12-க்கும் –6 டெசிபலுக்கும் நடுவே வரும்படி பதியுங்கள். பிறகு சத்தத்தை ஏற்றாதீர்கள்.

5. எலக்ட்ரிக் என்றால் ஆம்ப் ஒலியோடு எஃபெக்ட் இல்லாத நேரடி ஒலியையும் தனிக் கோப்பாக அனுப்புங்கள். ஒலி பிடிக்காவிட்டால் அதை அவர்கள் வேறு ஆம்பில் செலுத்திக்கொள்வார்கள், நீங்கள் மறுபடி வாசிக்க வேண்டியிருக்காது. டிலே, ரிவெர்ப் போட்டிருந்தால் அது இல்லாத வடிவத்தையும் சேருங்கள்.

6. எல்லாக் கோப்பும் பாட்டின் முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும், வாசிப்பு மூன்றாம் நிமிடத்தில் வந்தாலும் சரி. பெயரில் பாட்டு, வேகம், பகுதி, இடம் அல்லது வலம் இருக்கட்டும். "கிட்டார் கடைசி 2" என்று பெயர் வைத்த கோப்பு இன்னொருவர் நேரத்தைத் தின்னும்.

7. அனுப்பும் முன் ஒரு காலிப் புராஜெக்ட்டைத் திறந்து எல்லாவற்றையும் தொடக்கத்தில் போட்டு முழுப் பாட்டையும் கேளுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மறுநாள் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டி வரும்.

வேலை எங்கிருந்து வரும்

கிட்டாரிஸ்டை அழைப்பவர்கள் புரொட்யூசர்கள், அரேஞ்சர்கள், பாட்டு எழுதுபவர்கள், மேடைக்குழு நடத்தும் இசை இயக்குநர்கள். இவர்களுக்கு சோலோ வீடியோ பயன்படாது. ஒரே பாட்டின் ஒரு நிமிடத்தைக் கிட்டார் இல்லாமலும் கிட்டாரோடும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள். இப்படி மூன்று: ஓர் அகூஸ்டிக் ஸ்ட்ரம், ஒரு சுத்தமான எலக்ட்ரிக், ஒரு கனமான கோரஸ். இப்போதுதான் தொடங்கும் பாட்டெழுதுபவர்களோடு சேர்ந்து முதல் இருபது பாட்டை வாசியுங்கள். அவர்கள் வளரும்போது உங்களையும் கூட அழைத்துப் போவார்கள். வர முடியாத நாளில் உங்களைவிட நன்றாக வாசிப்பவரை அனுப்பத் தயங்காதீர்கள். அழைத்தவர் அதை உங்கள் பொறுப்புணர்வாகவே நினைவில் வைத்துக்கொள்வார். உகுலேலே, மாண்டலின் போன்றவற்றைக் கிட்டார் போலச் சுருதி சேர்த்தே வாசித்து வேலையை விரித்துக்கொண்டவர் டெடெஸ்கோ. அந்த வழி இன்றும் செல்லும்.

மேடைப் பயணம் வந்தால் காதுக்குள் வைக்கும் மானிட்டரும் கிளிக்கும் கட்டாயம் இருக்கும். பதிவில் மூன்று கிட்டார் இருந்தாலும் மேடையில் நீங்கள் ஒருவர்தான். அதனால் ஆட்கள் எதை முணுமுணுக்கிறார்களோ அந்த வரியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். செவிக்கும் கணக்கு உண்டு: 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனத்தின் வரையறை. 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். காதடைப்பானும் கருவிகளில் ஒன்று.

பணமும் காகிதமும்

வாசிக்கும் முன்பே எழுத்தில் முடிக்க வேண்டியவை: கூலி மணிக்கா, பாட்டுக்கா, எத்தனை பகுதி, எத்தனை திருத்தம் அந்தக் கூலிக்குள் அடங்கும், பணம் எப்போது வரும். ஒரு சுற்றுத் திருத்தம் இலவசம், பாட்டின் அமைப்பே மாறினால் புதுக் கூலி என்று பிரித்து எழுதிவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு வராது. தெரியாதவர்களிடம் பாதி முன்பணம் வாங்குங்கள்.

உரிமை விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். பாட்டை இயற்றியதற்கான உரிமை ஒன்று, பதிவில் வாசித்ததற்கான உரிமை இன்னொன்று. வாசிப்பவருக்கும் உரிமை உண்டு என்பதை 1961-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை சர்வதேச அளவில் நிலைநாட்டியது. நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். மொத்தக் கூலிக்கு எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது எதை விடுகிறோம் என்று தெரிந்தே போடுங்கள். கார்டை வாசிப்பது கூலி வேலை. ஆனால் பாட்டின் முகமாகிவிடும் ஒரு மெட்டு உங்கள் கையிலிருந்து பிறந்தால், பங்கு பற்றி அன்றே, ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன்பே பேசுங்கள். பாட்டு வெளியான பிறகு பேசினால் அது தகராறாகத்தான் முடியும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பாட்டின் பெயர், பாடியவர், நீங்கள் வாசித்த பகுதிகள், எந்தக் கிட்டார், கேப்போ எங்கே, வெளியானதும் அதன் ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் தனி அடையாள எண்). வாசித்தவருக்கான தொகையைக் கேட்டு விண்ணப்பிக்க அந்த எண் வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே பாட்டுக்கு இன்னொரு வரி கேட்டு வரும்போது, அன்றைக்கு என்ன ஒலி வைத்தோம் என்பதற்கும் அந்தப் பக்கத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.